அக்பர் ஆண்டது வாளாலா, கணக்கு நோட்டாலா?

வாசகர் கேள்வி, ஜூன் 2, 2025

முகலாயர், துருக்கியின் உதுமானியர், சீனத்தை ஆண்ட மஞ்சுக்கள், எல்லாம் ஒரே கதைதான். படை இருந்தது, பிடித்தார்கள், ஆண்டார்கள். மசூதி, மாளிகை, பட்டப்பெயர் எல்லாம் பிற்பாடு அடித்த சுண்ணாம்பு. யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 2, இரவு 9.50

மறுக்கலாம். பாபரிடம் இல்லாத படையா? 1526ல் பானிபட்டில் இப்ராஹிம் லோடியைச் சாய்த்தார், அடுத்த வருடம் கான்வாவில் ராணா சங்காவை. பீரங்கியும் இருந்தது. 1530ல் அவர் போய்ச் சேர்ந்தார். பத்தே வருடத்தில் மகன் ஹுமாயூன் மொத்தத்தையும் ஷேர் ஷாவிடம் தோற்றுவிட்டு சிந்து, பாரசீகம் என்று அலைந்தார். திரும்பி டெல்லிக்கு வர 1555 ஆனது. வந்த சில மாதத்தில் படியில் விழுந்து செத்தும் போனார். பதின்மூன்று வயதில் பட்டத்துக்கு வந்த அவர் பையன் அக்பர்தான் 49 வருடம் ஆண்டான். அப்பனுக்கும் தாத்தாவுக்கும் இருந்த அதே வாள்தான் அவனுக்கும். அப்புறம் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். என் கண் கணக்குப் பக்கம்தான் போகும்.

ஜூன் 3, காலை 6.15

இப்போது ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை, நடக்கிற காலம். தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல், உள்ளே மேசைமேல் கிராமம் கிராமமாகத் துணியில் கட்டிய கணக்குகள். ஒவ்வொன்றின் மேலும் "பசலி 1434" என்று எழுதியிருக்கும். தாலுகா, ஜில்லா, தாசில்தார், வசூல், ஜப்தி, ஜமாபந்தி, பசலி. ஒன்றாவது தமிழா? எல்லாம் பாரசீகம், அரபி. முகலாயக் கச்சேரியில், அதாவது ஆபீசில், புழங்கிய சொற்கள்.

1984ல் வேலைக்குச் சேர்ந்தபோது பசலி என்றால் என்ன என்று தலைமை எழுத்தரைக் கேட்டேன். "வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போனது, எழுது" என்றார். பின்னால் வந்த பையன்களுக்கு நானும் அதையே சொன்னேன். தப்பு. பசல் என்றால் விளைச்சல். ஹிஜ்ரி என்ற இஸ்லாமியச் சந்திர வருடத்துக்கு 354 நாள்தான், வெயில் வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. அந்தக் கணக்கில் வரி கேட்டால், ஒரு வருடம் அறுவடை முடிந்து கேட்பீர்கள், சில வருடம் கழித்து நாற்று நடும்போது போய் நிற்பீர்கள். 32 விளைச்சலுக்கு 33 வரி. அக்பரின் ஆட்கள் இதைச் சரிசெய்து, வெயில் வருடத்தை ஒட்டி விளைச்சல் ஆண்டு ஒன்றை வைத்தார்கள். ஆங்கில வருடத்தில் 593ஐக் கழித்தால் பசலி.

அவருடைய ஆட்சியின் சாமர்த்தியம் எனக்கு இதில்தான் தெரிகிறது. குடியானவன் பயிரைப் பார்த்து அரசன் தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டான்.

ஜூன் 3, மதியம் 1.40

ஒருவர் கழித்துப் பார்த்திருக்கிறார். 2025ல் 593 போனால் 1432 வருகிறது, உங்கள் மேசையில் 1434 எப்படி என்று கேட்கிறார். முப்பது வருடம் தணிக்கைக் குறிப்பு எழுதின எனக்கே தணிக்கைக் குறிப்பு. சாயங்காலம் பார்க்கிறேன்.

ஜூன் 3, இரவு 10.20

நான் சொன்னது வடக்கத்திப் பசலி. நம்முடையது தக்காணப் பசலி. அக்பர் பட்டத்துக்கு வந்த 1556ல் ஹிஜ்ரி 963. அதிலிருந்து வெயில் வருடமாக எண்ணுவது வடக்கு. அக்பரின் பேரன் ஷாஜகான் 1636ல் தக்காணத்துக்கு இதைக் கொண்டுவந்தபோது, அன்றைக்கு ஓடிய ஹிஜ்ரி 1046ஐயே தொடக்கமாக வைத்துவிட்டார்கள். இடையில் போனது 80 வெயில் வருடம், ஹிஜ்ரியோ 83 ஓடிவிட்டது. அதனால் நம் பசலி, மாதத்தைப் பொறுத்து, வடக்கைவிட இரண்டோ மூன்றோ வருடம் முன்னால் நிற்கிறது. நமக்கு ஜூலையிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும், ஜூன் வரை 591. இங்கே முதலில் ஆடிப் பிறப்பை ஒட்டித் தொடங்கியது. 1855ல் கம்பெனிக்காரர்கள் ஜூலை 1க்கு மாற்றினார்கள். ஆக என் தலைமை எழுத்தர் சொன்னது முழுப் பொய் இல்லை, தேதி மட்டும் வெள்ளைக்காரன் வைத்தது.

ஜூன் 5, காலை 7.00

கயிறு பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

நிலம் அளக்க அக்பரின் ஆட்கள் முதலில் சணல் கயிறு வைத்திருந்தார்கள். கயிறு ஈரம் பட்டால் சுருங்கும், காய்ந்தால் நீளும். அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் இதை அக்கறையாக எழுதி வைத்திருக்கிறார்: விடிகாலையில் பனி நனைந்த கயிற்றால் அளந்தால் குடியானவனுக்கு நஷ்டம், சாயங்காலம் காய்ந்த கயிற்றால் அளந்தால் சர்க்காருக்கு நஷ்டம். வேண்டுமென்றே பனியில் போட்டு வைப்பவர்களும் உண்டாம். சுருங்கிய கயிற்றால் அளந்தால் அதே வயல் அதிக பிகா (அன்றைய நில அளவு) காட்டும், வரி ஏறும். ஆட்சியின் 19ஆம் ஆண்டில் கயிற்றை ஒழித்துவிட்டு, மூங்கில் கழிகளை இரும்பு வளையத்தால் கோத்து அளவுகோல் செய்தார்கள்.

நான் ஆர்.ஐ.யாக (வருவாய் ஆய்வாளராக) இருந்தபோது எல்லைத் தகராறு ஒன்றுக்குச் சங்கிலி பிடித்துப் போனோம். பெரியவர் ஒருவர் வரப்பில் குந்திக்கொண்டு, "உச்சி வெயில்ல இரும்பு நீளும் தம்பி, காலையில வந்து அளங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற வேலையில் இது வேறா என்று அளந்து முடித்துவிட்டேன். தகராறு பாதி சாணுக்குத்தான். வெயிலில் சங்கிலி நீள்வது எத்தனை நூல் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிற்பாடு அபுல் பசலின் பனிக்கயிற்றைப் படித்தபோது அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அவர் வழக்குக்குப் போகவில்லை. காலையில் வந்து அளந்திருந்தால் தோற்றாலும் மனசு ஆறியிருப்பார்.

ஜூன் 5, காலை 11.30

எல்லாப் பெருமையையும் அக்பருக்கே கொடுக்கிறீர்கள், ஷேர் ஷா எங்கே என்று ஒருவர். நியாயம். ஐந்தே வருடம் ஆண்ட மனிதர், நிலத்தை அளந்து வரி போடுவதையும் வெள்ளி ரூபாயையும் கொடுத்துவிட்டுப் போனார். அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மாலே முதலில் ஷேர் ஷாவிடம் வேலை பார்த்தவர்தான், ரோத்தாஸ் கோட்டைக் கட்டுமானத்தில். எதிரி வைத்திருந்த கணக்குப்பிள்ளையை எதிரியின் கணக்கோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ராஜ்ஜியம் மாறினாலும் ஆபீசில் அதே கிளார்க் என்பது நமக்குப் புதிதா என்ன.

ஜூன் 7, இரவு 9.00

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "அளவுகோல் இருக்கட்டும். 1568ல் சித்தூர்க் கோட்டைக்குள் முப்பதாயிரம் பேரை வெட்டினானே, அது எந்தக் கணக்கில் சேரும்?" (நம்ம சித்தூர் இல்லை, மேவாரின் சித்தூர்கட்.)

வாள் கணக்கில்தான். அதை மறைக்கப் போவதில்லை. அக்பரே அதை வெற்றி அறிக்கையாக ஊருக்கெல்லாம் அனுப்பினார், இறைவன் பேரால் நடந்த போர் என்று. ஆனால் 1562லேயே ஆம்பேரின் ராஜபுத்திர ராஜா பார்மலின் மகளை மணந்தாகிவிட்டது. 1563ல் யாத்திரை வரி போயிற்று, 1564ல் முஸ்லிம் அல்லாதவர்மேல் இருந்த ஜிஸ்யா வரி. சித்தூருக்கு எட்டு வருடம் கழித்து 1576ல் ஹல்திகாட்டிச் சண்டைக்கு வாருங்கள். மேவாரின் ராணா பிரதாப்புக்கு எதிரே முகலாயப் படைக்குத் தலைவர் யார்? ஆம்பேரின் மான்சிங். பிரதாப் பக்கம் முன்னணியில் நின்றது யார்? ஹக்கீம் கான் சூர், ஆப்கானியர். இதை இந்து, முஸ்லிம் என்று கோடு போட்டுப் பிரிக்கப் பார்த்தால் கோடு எங்கேயும் நிற்காது. மான்சிங்குக்குக் கடைசியில் ஏழாயிரம் தகுதி கிடைத்தது. அதற்குமுன் அரச குடும்பத்துக்கு மட்டும் இருந்த உயரம் அது.

ஜூன் 8, காலை 6.40

ஏழாயிரம் என்று எழுதிவிட்டு விளக்காமல் போய்விட்டேன். மன்சப் என்றால் பதவி நிலை. பத்திலிருந்து ஆயிரக்கணக்கு வரை போகும். எண்ணுக்கு ஏற்பச் சம்பளம், எண்ணுக்கு ஏற்பக் குதிரைப்படை. சம்பளத்தைப் பெரும்பாலும் ரொக்கமாகத் தருவதில்லை, இன்ன ஊர் வரியை நீ எடுத்துக்கொள் என்று ஜாகீர் எழுதித் தருவார்கள். மூன்று நான்கு வருடத்தில் ஊரை மாற்றிவிடுவார்கள். மகனுக்குத் தானாகப் போகாது. செத்தால் சொத்தும் சர்க்கார் கணக்குக்கு வரும், பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் குடும்பத்துக்கு ஏதாவது. மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் என்றால் எங்களுக்குப் பழக்கம். வேர் விடுவதற்குள் பிடுங்கி நடுவார்கள்.

இங்கேதான் திருட்டும். ஆயிரம் குதிரைக்குச் சம்பளம் வாங்கிவிட்டு முந்நூறு வைத்திருப்பான். பார்வைக்கு வரும் நாளில் பக்கத்து அமீரிடம் இரவல் வாங்கி நிறுத்துவான். அதனால் குதிரைக்குச் சூடு போட்டார்கள், தாக் என்று பெயர். வீரனின் முகத்தைப் பற்றி, மச்சம், தழும்பு, மூக்கு என்று எழுதி வைத்தார்கள், அது செஹ்ரா. மஸ்டர் ரோலில் இல்லாத ஆளுக்குக் கூலி போடுவது நேற்று வந்த தொழில்நுட்பம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ரேகை வைக்கும் மெஷின் மட்டும்தான் புதிது.

ஜூன் 10, இரவு 8.30

பாதுஷா தினமும் முகம் காட்டிய சன்னலுக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் வீட்டம்மாவோடு ஆக்ரா போனேன். எல்லாரும் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டுக் கோட்டையில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஆற்றுப் பக்கச் சுவரோரம் நடந்தேன். தினமும் சூரியன் உதிக்கும்போது அக்பர் மாடத்தில் வந்து நிற்பார், கீழே ஆற்றங்கரையில் சனம் கூடும். ஜரோகா தரிசனம். பெயரிலேயே கோயில் வாசனை. அவர் முகத்தைப் பார்க்காமல் பல் விளக்கமாட்டோம், சோறு உண்ணமாட்டோம் என்று ஒரு கூட்டமே இருந்தது. மகன் ஜகாங்கீர், பேரன் ஷாஜகான் இருவரும் விடாமல் செய்தார்கள். மேலே நின்று பார்த்தால் கீழே இருப்பவன் முகம் தெரியாது. கீழேயிருந்து பார்த்தாலும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். பட்டும் தலைப்பாகையும் தெரிந்திருக்கும், அது போதும்போல.

போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1657 செப்டம்பரில் ஷாஜகான் சிறுநீர் அடைத்துப் படுத்தார். டெல்லிக் கோட்டையில் சில நாள் மாடம் காலி. பாதுஷா போய்விட்டார், மூத்த மகன் தாரா மறைக்கிறான் என்று வதந்தி பறந்தது. கொஞ்சம் தேறி வந்து மாடத்தில் நின்று காட்டினார், ஆனால் வதந்தி அதற்குள் வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் தக்காணத்துக்கும் போய்விட்டது. அங்கே இருந்த மற்ற மூன்று மகன்களும் கிளம்பிவிட்டார்கள். மீதி தெரிந்த கதை.

உதுமானியரிடம் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1566ல் ஹங்கேரியின் சிகெத்வார் முற்றுகையில் கூடாரத்துக்குள்ளேயே சுல்தான் சுலைமான் இறந்தார். தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா சாவை மறைத்து, உயிரோடு இருப்பதுபோலவே ஆணைகள் அனுப்பிக்கொண்டிருந்தார், மகன் செலிம் வந்து சேரும்வரை. அங்கே காகிதம் தாக்குப்பிடித்தது. இங்கே முகம் காட்டியும் முடியவில்லை.

ஜூன் 10, இரவு 8.55

முந்தைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். ஷாஜகானின் மகன் ஔரங்கசீப் 1668 வாக்கில் இந்த மாடக்காட்சியை நிறுத்தினார், மனிதனைக் கும்பிடுவதுபோல இருக்கிறது என்று. ஆனால் 1911 டிசம்பரில் டெல்லிக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் செங்கோட்டையில் அதே மாடத்தில் ராணியோடு வந்து நின்று தரிசனம் தந்தார். லண்டனில் இருந்தபடி ஆள முடியும், ஆனால் சன்னலுக்கு நேரில்தான் வரவேண்டும்.

ஜூன் 11, மதியம் 3.10

எடைக்கு எடை தங்கம் கதை கேட்கிறார் ஒருவர். நிஜம்தான். பிறந்தநாளுக்குத் துலாபாரம், நம் கோயில் துலாபாரமேதான். சந்திர வருடத்துக்கு ஒன்று, வெயில் வருடத்துக்கு ஒன்று. 1617ல் மாண்டுவில் ஜகாங்கீரை எடை போட்டதை இங்கிலாந்தின் தூதர் தாமஸ் ரோ நேரில் பார்த்தார். எதிர்த்தட்டில் வைத்ததெல்லாம் பையில் கட்டியிருந்தது, உள்ளே கூழாங்கல்லாகக்கூட இருக்கலாம் என்று எழுதினார். ஆடிட்டர் புத்தி உள்ள மனிதர்.

ஜூன் 14, அதிகாலை 5.20

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். அக்பருக்கு நான் நன்னடத்தைச் சான்று கொடுத்துவிட்டதுபோல இருக்கிறது. கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

1574-75 வாக்கில் கரோரி என்று அதிகாரிகளைப் போட்டார்கள். ஒரு கோடி தங்கா வருமானம் வரக்கூடிய நிலத்துக்கு ஒருவர், அதனால்தான் அந்தப் பெயர். தரிசையெல்லாம் மூன்று வருடத்தில் விளைநிலமாக்க வேண்டும் என்று திட்டம். நடந்தது என்ன? அரசவையிலேயே இருந்துகொண்டு அக்பரைத் திட்டி ரகசியமாக எழுதிய பதாவூனி சொல்கிறார்: குடியானவர்கள் பெண்டு பிள்ளைகளை விற்றார்கள், ஊர்கள் பாழாயின. பிறகு தோடர்மால் அந்தக் கரோரிகளிடமே கணக்கு கேட்டுப் பிடித்து உதைத்ததில் பலர் சிறையிலேயே செத்தார்கள். பதாவூனிக்குக் காழ்ப்பு உண்டு. ஆனால் இலக்கு கொடுத்து வசூலுக்கு அனுப்பினால் கிராமத்தில் என்ன நடக்கும் என்று எனக்கு அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ஒரு வருடம் எங்களுக்கும் மார்ச் 31க்குள் இத்தனை சதவீதம் என்று வந்தது. ஒரு வீட்டில் அண்டாவை ஜப்தி செய்தோம். அந்த அம்மா அண்டாவில் இருந்த தண்ணீரைக் குடத்துக்கு மாற்றித்தர நேரம் கேட்டாள். கொடுத்தோம். அவ்வளவுதான் எங்களால் ஆனது.

1580ல் வந்த பத்தாண்டுச் சராசரி முறை இந்தத் தோல்விக்குப் பிறகுதான் வந்தது. கடந்த பத்து வருட விளைச்சல், விலை இரண்டையும் பார்த்துச் சராசரி எடுத்து, மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாக நிர்ணயித்தார்கள். வருடா வருடம் விளைநிலம் ஒரு வகை, கொஞ்சம் ஆறப்போட்டது ஒரு வகை, மூன்று நான்கு வருடம் கிடந்தது, அதற்கு மேலும் கிடந்தது என்று நாலு வகை. கடைசி இரண்டுக்கும் சலுகை. நல்ல முறைதான். அடிபட்டுக் கற்ற முறை.

ஜூன் 14, இரவு 10.05

காலையில் எழுதியதன் தொடர்ச்சி. இத்தனை வேடிக்கையும் சடங்கும் யாருக்காக? குடியானவனுக்காக என்று இதுவரை ஒரு எண்ணத்தில் எழுதினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவனுக்கு வந்தது அளவுகோலும் அமீனும்தான். பட்டம், கில்லத் என்ற மரியாதை உடை, சன்னல், துலாபாரம் எல்லாம் நடுவில் இருப்பவனுக்கு: மன்சப்தார், ராஜா, ஜமீன்தார், முல்லா. அவன்தான் அடுத்த நாளே எதிரியாகக் கூடியவன்.

ஆனார்கள். 1579 ஜூனில் பதேபூர் சிக்ரியில் அக்பர் தானே மேடை ஏறி வெள்ளிக்கிழமைப் பேருரை படித்தார். பாதியில் குரல் நடுங்கி இறங்கிவிட்டார் என்கிறார் பதாவூனி, மகிழ்ச்சியோடு. செப்டம்பரில் அறிஞர்களிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கினார்: மார்க்க அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் பாதுஷா தேர்ந்தெடுப்பதே சட்டம். சிலர் விரும்பாமல்தான் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடமே வங்காளத்திலும் பீகாரிலும் சொந்த அதிகாரிகள் கலகம். ஜான்பூர் காஜி, அக்பருக்கு எதிராக எழுவது கடமை என்று பத்வா கொடுத்தார். மதக் கலகம் என்று சொல்வார்கள். ஆனால் அதே நேரம் குதிரைக்குச் சூடு போடுவதைக் கறாராக்கியிருந்தார்கள், வங்காளத்தில் பணியாற்றுவதற்கான கூடுதல் படியையும் வெட்டியிருந்தார்கள். பத்வா கையில், படி மனசில். சங்கங்களின் துண்டறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன், பதினாறாவது கோரிக்கையாக வருவதுதான் பெரும்பாலும் முதல் காரணம்.

கலகத்தை அடக்கப் போனவர்களில் தோடர்மாலும் ஒருவர். கணக்குப்பிள்ளை வாளோடு.

ஜூன் 15, காலை 9.00

மஞ்சுக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று புகார். சுருக்கமாக. 1645ல் ஆண்கள் அத்தனை பேரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விடவேண்டும் என்று ஆணை. தலை வேண்டுமென்றால் முடியைக் கொடு. ஜியாடிங் ஊரில் மறுத்தவர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். நாற்பது வருடம் கழித்து 1684ல் காங்சி பேரரசர் நான்ஜிங் போய், முன்பு ஆண்ட மிங் வம்சத்து முதல் அரசரின் சமாதியில் விழுந்து வணங்கினார். அதே பயணத்தில் சூஃபுவில் கன்பூசியஸ் கோயிலிலும். தேர்வு எழுதி உத்தியோகத்துக்கு வரும் பழைய முறையையும் தொடவில்லை. படித்த சீனன் வீட்டில் பையன் சடையோடு உட்கார்ந்து கன்பூசியஸை மனப்பாடம் செய்தான், மஞ்சு அரசனின் தேர்வுக்காக. வாள் முடிக்கு வந்தது, புத்தகத்துக்கு வரவில்லை. கேள்வி கேட்டவருக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

ஜூன் 22, இரவு 9.30

வழி தவறிச் செஞ்சிக்கு வந்துவிட்டோம். தேசிங்கு ராஜா கதையை இங்கே யாரோ இழுத்தார்கள், நன்றி.

ஔரங்கசீப்பின் படை 1690லிருந்து 1698 வரை செஞ்சிக் கோட்டை முன்னால் கிடந்தது. ஜுல்பிகார் கான் எட்டு வருடம் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த மராட்டிய ராஜாராம் தப்பியும் விட்டார். பிடித்த கோட்டையைக் கொஞ்ச காலத்தில் சொரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார்கள். அவர் மகன்தான் தேசிங்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் வரிப் பாக்கி கேட்டார். தேசிங்கு, கோட்டை எனக்குப் பாதுஷா கொடுத்தது, நீ யார் கேட்க என்றார். இரண்டு பேருமே டெல்லியின் பேரைச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள். 1714ல் தேசிங்கு செத்தார், இளவயது.

சின்ன வயதில் தெருக்கூத்தில் பார்த்தபோது குதிரைக்கும் நண்பனுக்கும் அழுதேன். வரிப் பாக்கித் தகராறு என்று தெரிந்ததும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் பாருங்கள், டெல்லியில் ஔரங்கசீப் செத்த 1707க்குப் பிறகு ஏழு வருடத்தில் மூன்று பாதுஷா வந்துவிட்டார்கள், ஜாகீர் கொடுக்க நிலம் இல்லை, ஔரங்கசீப் கால் நூற்றாண்டு தக்காணத்தில் இழுத்த சண்டையில் கஜானா காலி. அப்படியும் செஞ்சியில் ஒருவன் அந்தக் காகிதத்துக்காகச் சாகிறான், இன்னொருவன் அதே ராஜ்ஜியத்தின் பாக்கிக் கணக்கைக் காட்டி அவனைக் கொல்கிறான். டெல்லியில் சன்னல் மூடி ஐம்பது வருடம் ஆகப்போகிறது, கணக்கு இன்னும் ஓடுகிறது.

ஜூன் 22, இரவு 9.45

குதிரைக்குச் சூடு போட்டிருந்ததா என்று கேட்கிறார் ஒரு குறும்பர். கூத்தில் அட்டைக் குதிரை. நான் பார்த்தவரை சூடு இல்லை, சாக்பீஸ் புள்ளிதான்.

ஜூலை 1, காலை 7.20

இன்றைக்குப் பசலி 1435. பழைய ஆபீஸ் பையன் போன் செய்தான். கணினியில் எல்லாம் தானாக மாறிவிட்டதாம், ஒரு பதிவேடு மட்டும் இன்னும் 1434 என்றே காட்டுகிறதாம், யாரிடம் சொல்வது என்று கேட்டான். நோட்டு என்றால் அடித்து எழுதிச் சுருக்கொப்பம் வைத்துவிடலாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. உதவி எண்ணுக்கு எழுதச் சொன்னேன்.